தைரொயிட் குளிசையை எப்போது நிறுத்தலாம்?

‘எனக்குத் தைரொயிட் இருக்கு’ என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னால், அவருக்கு என்ன நோய் என்பது அந்தப் பேச்சிலிருந்து விளங்காது. தைரொயிட் என்பது நோயின் பெயரன்று. குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை முன்புறமாக அணைத்தபடி, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தது போல எல்லோருடைய கழுத்திலும் இருக்கும், ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள ஒரு சுரப்பியின் பெயர் அது. அந்தச் சுரப்பி தேவைக்குக் குறைவாகச் சுரந்தால் ஒரு நோய். தேவைக்கு மேலாகச் சுரந்தால் அதற்கு நேரெதிரான இன்னொரு நோய். குறைவாகச் சுரப்பவருக்குக் கொடுக்கப்படும் தைரொக்சின் குளிசை, உடம்பு செய்யத் தவறிய ஓமோனையே வெளியிலிருந்து ஊட்டுவது. அதைப் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டியிருக்கும். மிகையாகச் சுரப்பவருக்குக் கொடுக்கப்படும் காபிமசோல் குளிசை, சுரப்பியின் வேலையைத் தணிப்பது. அதை ஒரு கட்டத்தில் நிறுத்திப் பார்க்கும் வாய்ப்புப் பலருக்கு உண்டு. இந்த இரு நோயாளரும் கிளினிக்கில் ஒரே வாங்கில் அருகருகே இருக்கிறார்கள். ‘நான் தைரொயிட் குளிசையை விட்டு ஒரு வருசம், ஒண்டும் செய்யேல்லை’ என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்ட மற்றவர் வீட்டுக்குப் போய்த் தன் குளிசையை விட்டுவிட்டதை நான் நேரில் அறிவேன். ஆகவே முதலில் உங்கள் மருந்துத் துண்டில் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள். தைரொக்சின் என்று இருந்தால், நிறுத்துவது பற்றி இங்கே சொல்லப்போகும் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. காபிமசோல் என்று இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

நான் வைத்தியர் அல்லள். கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஓமோன்களின் பின்னூட்டல் பொறிமுறையை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து விளக்கி வந்த எனக்கு, என் தங்கை இந்த நோயோடு வந்து, “இப்ப நான் நல்லாத்தானே இருக்கிறன், பிறகேன் அக்கா இந்தக் குளிசை?” என்று கேட்டபோது, அவளுக்கு விளங்கும்படி ஒரு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. பிறகு அவளோடு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கிளினிக்குக்குப் போய்வந்து, வைத்தியர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்ட மறுமொழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யோசினை என்று நினைத்த நோய்

தங்கை தையல் தைப்பவள். மார்கழி மாதத்தில் பள்ளிச் சீருடைகள் மலைபோலக் குவியும் நாட்களில் ஊசியில் நூல் கோக்க அவளுக்கு முடியாமல் போனது. கண் பார்வையில் குறை என்று எண்ணி, நூல் கோக்கும் வேலையை மகளிடம் கொடுத்திருந்தாள். ஒரு நாள் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கண்ணுக்கு ஊசித்துளை நன்றாகத் தெரிந்தது. நூல் நுனிதான் நிற்கவில்லை. அவளுடைய விரல்கள், மிக மெல்லிய அளவில், ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தன. கையை முன்னே நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு கொப்பித் தாளை வைத்தேன். தாளின் ஓரம் காற்றில்லாமலே படபடத்தது. வைத்தியர்களும் இந்தச் சிறு சோதனையைச் செய்வதுண்டு என்று பிறகு அறிந்தேன்.

அதற்கு முன்பே வேறு அறிகுறிகள் இருந்தன. வழக்கத்தைவிட நன்றாகச் சாப்பிட்டும் சில மாதங்களில் எட்டுக் கிலோ மெலிந்திருந்தாள். மார்கழிக் குளிரிலும் வியர்த்தது. படுத்தால் நெஞ்சு அடிப்பது தலையணையில் கேட்டது. நாளுக்கு மூன்று நான்கு முறை வயிற்றால் போனது, மாதவிடாய் குறைந்தது, சிறு சொல்லுக்கும் கோபம் வந்தது. ஊரில் எல்லோரும் அதற்கு ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: ‘யோசினை.’ 2009இல் ஒருவரையாவது இழக்காத வீடு இல்லாத ஊர் அது. நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது, உடம்பு உருகுது என்று ஒரு பெண் சொன்னால், அவளுடைய இழப்பை அறிந்தவர்கள் அதைத்தான் காரணமாக நினைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் பல மாதங்கள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் துயரம் தன் பாட்டில் இருக்க, அதன் நிழலில் இன்னொரு நோயும் வளரலாம். படபடப்பும் மெலிவும் நடுக்கமும் சேர்ந்து வந்தால், நூல் கட்டினாலும் சரி, ஆற்றுப்படுத்துநரிடம் போனாலும் சரி, ஒரு தடவை தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள் என்று நான் இப்போது காணும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

சுரப்பி ஏன் அடங்க மறுக்கிறது?

மூளையின் அடியில் கடலை அளவில் இருக்கும் கபச்சுரப்பிதான் தைரொயிட்டுக்கு மேலதிகாரி. அது ரீ.எஸ்.எச். என்ற ஓமோனை அனுப்பி, ‘சுர’ என்று கட்டளையிடுகிறது. தைரொயிட் அதைப் பெற்று, உணவிலிருந்து வந்த அயடீனைச் சேர்த்து, ரீ4, ரீ3 என்ற இரு ஓமோன்களை ஆக்குகிறது. பெயரிலுள்ள இலக்கம் ஒவ்வொன்றிலும் இருக்கும் அயடீன் அணுக்களின் எண்ணிக்கை. இந்த ஓமோன்கள் உடம்பின் ஒவ்வொரு கலமும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இரத்தத்தில் அவை போதிய அளவு வந்தவுடன் கபச்சுரப்பி ரீ.எஸ்.எச். அனுப்புவதைக் குறைக்கிறது. வயலுக்குப் போதிய தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று கண்டால் துருசைத் தாழ்த்துவது போன்ற ஒழுங்கு இது.

இதனால் பரிசோதனை முடிவை வாசிக்கும்போது பலர் தடுமாறுகிறார்கள். தைரொயிட் மிகையாக வேலை செய்யும்போது ரீ.எஸ்.எச். கூடியிருக்காது, குறைந்திருக்கும். மேலதிகாரி ‘போதும், போதும்’ என்று வாய்மூடிவிட்டதையே அந்தக் குறைந்த எண் சொல்கிறது. பெரும்பாலான ஆய்வுகூடங்களில் ரீ.எஸ்.எச். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருப்பது இயல்பு. தங்கையின் முதல் அறிக்கையில் அது 0.01க்கும் கீழே இருந்தது; பிறீ ரீ4, அதாவது இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் ரீ4, மேல் எல்லையைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

கட்டளை நின்ற பிறகும் சுரப்பி ஏன் சுரந்துகொண்டே இருக்கிறது? மிகச் சாதாரணமான காரணம் கிறேவ்ஸ் நோய். அயர்லாந்தின் டப்ளின் நகர வைத்தியர் றொபேட் கிறேவ்ஸ் 1835இல் இதை விவரித்தார். ஜேர்மனியில் காள் வொன் பசடோ 1840இல் விவரித்ததால் ஐரோப்பாவின் சில நாடுகளில் அவர் பெயராலும் வழங்குகிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் நிர்ப்பீடனத் தொகுதி, தவறுதலாக, ரீ.எஸ்.எச். வந்து அமரும் ஏற்பிகளிலேயே போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது. அதைச் சுரப்பி ரீ.எஸ்.எச். என்றே எண்ணிக்கொள்கிறது. உண்மையான மேலதிகாரி வாய்மூடி இருக்க, போலிக் கட்டளை இரவும் பகலும் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே நோயின் வேர் கழுத்தில் இல்லை. கழுத்து அதன் கட்டளைக்கு ஆளான இடம் மட்டுமே. குளிசையை நிறுத்துவது பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே வருகின்றன.

மிகையாகச் சுரப்பவர் எல்லோருக்கும் கிறேவ்ஸ் நோய் என்றும் கொள்ளக் கூடாது. சிலருக்குச் சுரப்பிக்குள் ஒரு கட்டியோ பல கட்டிகளோ வளர்ந்து, யாருடைய கட்டளையும் இன்றித் தாமாகவே சுரக்கின்றன. அவர்களுக்குக் காபிமசோல் அளவைக் கட்டுப்படுத்தும். ஆனால் எத்தனை ஆண்டு எடுத்தாலும் கட்டி குணமாகாது, நிறுத்தினால் நோய் திரும்பும். வேறு சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளை பெற்ற முதல் ஆண்டில், சுரப்பி அழற்சியடைந்து சேமிப்பிலிருந்த ஓமோன் கசிந்து இரத்தத்தில் கூடுகிறது. புதிதாக எதுவும் ஆக்கப்படாத அந்த நிலையில் காபிமசோலால் பயனில்லை. சில வாரங்களில் அது தானாகவே அடங்கும். ‘எனக்கு எந்த வகை?’ என்பதை முதலில் வைத்தியரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கொப்பி மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த ஒரு வரி உங்களுடன் போக வேண்டும்.

குளிசை என்ன செய்கிறது?

அமெரிக்க வைத்தியர் எட்வின் அஸ்ற்வூட் 1943இல் இவ்வகை மருந்துகளை முதன்முதலில் நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். அவற்றின் வழிவந்த காபிமசோல், உடம்புக்குள் மெதிமசோல் என்ற வடிவமாக மாறி, அயடீனைச் சேர்த்து ஓமோனை ஆக்கும் நொதியத்தை மறிக்கிறது. புதிய ஓமோன் ஆக்கப்படுவது நிற்கிறது. ஆனால் முன்பே ஆக்கிச் சுரப்பிக்குள் சேமித்து வைத்திருந்தது அப்படியே இருக்கிறது. இரணைமடுக் குளத்துக்குக் கனகராயன் ஆற்றிலிருந்து வரும் நீரை இன்றே மறித்தாலும், குளத்தில் நிற்கும் நீர் துருசு வழியாகப் பல நாட்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கும். இரத்தத்தில் கலந்துவிட்ட ரீ4இன் பாதியளவு கழியவே ஒரு வாரம் ஆகிறது. அதனால்தான் குளிசை தொடங்கி முதல் இரண்டு வாரங்களில் பெரிய மாற்றம் எதுவும் தெரிவதில்லை. நான்கு முதல் எட்டு வாரங்கள் பொறுக்க வேண்டும். அதுவரை நெஞ்சுப் படபடப்பையும் நடுக்கத்தையும் தணிக்க வைத்தியர் புரொப்பிரனோலோல் என்ற இன்னொரு குளிசையைக் கொடுப்பார். ஈழை, அதாவது ஆஸ்துமா, உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அந்த மருந்து மூச்சை இறுக்கிவிடும்.

தொடக்கத்தில் காபிமசோல் பொதுவாக நாளுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் வரை கொடுக்கப்படுகிறது. தங்கைக்கு 30 மில்லிகிராம். 5 மில்லிகிராம் குளிசையாகக் கிடைத்ததால் நாளுக்கு ஆறு. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு தடவை இரத்தம் சோதித்து, ரீ4 இறங்க இறங்க, அளவை 5 முதல் 15 மில்லிகிராம் வரையுள்ள பராமரிப்பு அளவுக்குக் கொண்டுவருவார்கள். நீண்டகாலம் அடங்கிக் கிடந்த கபச்சுரப்பி விழித்தெழச் சில மாதங்கள் எடுக்கும் என்பதால், ரீ4 இயல்பானபின்னும் ரீ.எஸ்.எச். குறைந்தே இருக்கலாம். அதைக் கண்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று பயப்பட வேண்டியதில்லை. மெலிந்த உடம்பு மீண்டும் எடை வைப்பதும் இந்தக் காலத்தில்தான்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை நாம் மறக்கவில்லை. வைத்தியசாலையில் இருப்பு இல்லாமல் வெளியே பாமசியில் வாங்க நேர்ந்தால், பெயரை மட்டுமல்ல, ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் பாருங்கள். காபிமசோலுக்குப் பதிலாக மெதிமசோல் தந்தால், அதே எண்ணிக்கையில் விழுங்கக் கூடாது. 10 மில்லிகிராம் காபிமசோலுக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் மெதிமசோலே சமம். வைத்தியரிடம் கேட்ட பின்பே மாற்றுங்கள்.

காய்ச்சல் வந்தால்

இந்தப் பகுதியை ஒருவரும் தாண்டிச் செல்லக் கூடாது. காபிமசோல் எடுப்போரில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள், கிருமிகளோடு போரிடும் வெள்ளை அணுக்கள் திடீரென அற்றுப்போகின்றன. அது அரிது, ஆனால் கவனியாமல் விட்டால் உயிரைக் கொண்டுபோகும். அதன் அடையாளம் காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப்புண். இவற்றில் ஒன்று வந்தாலும் குளிசையை அன்றே நிறுத்தி, அன்றே வைத்தியசாலைக்குப் போய், முழுக் குருதி எண்ணிக்கைப் பரிசோதனை செய்ய வேண்டும். அணுக்கள் இயல்பாக இருந்தால் வைத்தியர் குளிசையைத் தொடரச் சொல்வார். அவை குறைந்திருந்தால் அந்த மருந்தை மறுபடி ஒருபோதும் தொடக் கூடாது.

வன்னியில் இது ஏன் இன்னும் கவனத்துக்குரியது என்றால், மழை தொடங்கினால் இங்கே டெங்கும், வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலும் வருகின்றன. காய்ச்சல் என்றால் பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் பார்ப்பது எங்கள் வழக்கம். காபிமசோல் எடுப்பவருக்கு அந்த மூன்று நாட்கள் இல்லை. டெங்கிலும் வெள்ளை அணுக்கள் குறைவதால், வைத்தியருக்கு நீங்கள் என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று தெரியாவிட்டால், காரணத்தை அவர் வேறிடத்தில் தேடிக்கொண்டிருப்பார். வெளிநோயாளர் பிரிவில் எந்த வைத்தியரைக் கண்டாலும் முதல் வாக்கியமாக, ‘நான் தைரொயிட்டுக்குக் காபிமசோல் எடுக்கிறேன்’ என்று சொல்லுங்கள். தங்கைக்குக் குளிசை தந்த அன்று இதை ஒருவரும் சொல்லவில்லை. அன்று வரிசையில் நின்ற கூட்டத்தை நானும் கண்டேன். ஆனாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு நேரம் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கண்ணும் சிறுநீரும் மஞ்சளானாலும், மேல்வயிற்றில் கடும் நோ எழுந்தாலும் அதேபோல் உடனே போக வேண்டும். தோல் கடி, சிறு தடிப்பு என்பவை அடிக்கடி வருபவை. அவற்றை அடுத்த கிளினிக்கில் சொன்னால் பெரும்பாலும் போதும்.

தானாக நிறுத்தியது

மாசியில் மருந்து தொடங்கிய தங்கை, வைகாசி விசாகத்தையொட்டிய வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனாள். முந்திய ஆண்டு வீட்டு முற்றத்தில் நடக்கவே களைத்தவள், அந்த இரவு முழுவதும் நந்திக்கடல் ஓரத்துக் கூட்டத்தில் நின்று, விடியத் தீர்த்தமும் எடுத்துக்கொண்டு வந்தாள். தன் நோய் முற்றாகப் போய்விட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை. கிளினிக் நாளில் முதல் பஸ்ஸைப் பிடிக்க நான்கு மணிக்கு எழும்ப வேண்டும். ஒரு நாள் தையல் கூலி போய்விடும். ஆகவே அம்மனை நினைத்துக் குளிசையை விட்டுவிட்டாள். ஏழாவது வாரம் நெஞ்சு மீண்டும் அடிக்கத் தொடங்கியது. வைத்தியசாலைக்குப் போனபோது நாடி 130.

அன்று அவளைப் பார்த்த வைத்தியர் திட்டவில்லை. “பிள்ளை, நோய் போனதால நீர் நல்லா இருக்கேல்லை; குளிசை நோயைப் பிடிச்சு வச்சிருந்ததால நல்லா இருந்தனீர்” என்றார். நான் தேடிக்கொண்டிருந்த மறுமொழி அதுதான். நான்காம் மாதத்தில் ரீ4 இயல்பாக இருந்தது உண்மை. ஆனால் போலிக் கட்டளையிடும் பிறபொருளெதிரி அவளுடைய இரத்தத்தில் அப்படியே இருந்தது. அறிகுறி மறைவது சில வாரங்களில் நடக்கும். பிறபொருளெதிரி அடங்குவதற்கு ஆண்டுக்கணக்காகும். இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த நீண்ட காலத்தில், ஒருவர் தன்னை முழுச் சுகதேகியாக உணர்ந்துகொண்டே மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. மனிதருக்கு இதைவிடக் கடினமான மருந்து விதி வேறு இருக்குமோ என்று எனக்குத் தெரியவில்லை.

திடீரென நிறுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டுப்பாடில்லாத நிலையில் ஒரு கிருமித்தொற்றோ, சத்திரசிகிச்சையோ, பிரசவமோ சேர்ந்துவிட்டால், கடும் காய்ச்சல், மிகையான நாடித்துடிப்பு, மனக்குழப்பம் என்று தைரொயிட் புயல் எனப்படும் நிலை எழலாம். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் சிலரைக் காப்பாற்ற முடியாமல் போகும் நிலை அது.

வைத்தியர் நிறுத்துவது

கிறேவ்ஸ் நோய்க்குக் காபிமசோல் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் கொடுக்கப்படுகிறது. அந்த முடிவில், குறைந்த அளவு குளிசையிலேயே ரீ4உம் ரீ.எஸ்.எச்.உம் பல மாதங்களாக இயல்பாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். அதோடு, ரீ.எஸ்.எச். ஏற்பிக்கு எதிரான பிறபொருளெதிரியின் அளவையும் சோதிக்கிறார்கள். இந்தச் சோதனை எல்லா அரச ஆய்வுகூடத்திலும் கிடைப்பதில்லை. நாங்கள் தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். அது கொழும்புக்குப் போய் முடிவு வந்தது. செலவு கூடியதுதான். ஆனாலும் நிறுத்துவதா தொடர்வதா என்ற கேள்விக்கு வேறெந்தச் சோதனையும் இவ்வளவு நேராக விடை சொல்வதில்லை என்பதால், பணம் சேர்த்துச் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டென்றால் இதுதான் என்பேன். பிறபொருளெதிரி இயல்பு அளவுக்கு இறங்கியிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்புக் குறைவு. இன்னும் உயர்ந்து நின்றால், நிறுத்தியதும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

மயிர் கொட்டுகிறது என்று பயோட்டின் குளிசை எடுப்பவர்கள், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்கள் முன்பே அதை விட வேண்டும். சில ஆய்வுகூட முறைகளில் பயோட்டின், நோய் இல்லாதவருக்கும் நோய் இருப்பதாகக் காட்டிவிடும். தைரொயிட் நோயிலேயே மயிர் கொட்டுவதால் இந்தக் குழப்பம் எளிதில் நேர்கிறது.

எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், முழுக்காலமும் மருந்து எடுத்து நிறுத்துவோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் திரும்புகிறது. கழலை, அதாவது தைரொயிட் சுரப்பியின் வீக்கம், பெரிதாக இருப்பவர், தொடக்கத்தில் நோய் கடுமையாக இருந்தவர், இளவயதினர், ஆண்கள், புகைப்பவர் ஆகியோருக்கு அந்த வாய்ப்புக் கூட. இவற்றில் நம் கையில் இருப்பது புகைத்தல் ஒன்றுதான். சிகரெட்டும் பீடியும் சுருட்டும் நோயைத் திருப்பி அழைப்பதோடு, கிறேவ்ஸ் நோயில் கண் பிதுங்கிச் சிவக்கும் பாதிப்பையும் மோசமாக்குகின்றன.

தங்கைக்கு இரண்டாம் முறை தொடங்கிப் பதினெட்டு மாதங்கள் கழிந்தபோது பிறபொருளெதிரி இறங்கியிருந்தது. ஆனால் எல்லைக்குள் வரவில்லை. அவள் முகம் விழுந்துவிட்டது. வைத்தியர் நாளுக்கு 5 மில்லிகிராமில் இன்னொரு ஆண்டு தொடரச் சொன்னார். குறைந்த அளவில் ஆண்டுக்கணக்காக எடுப்பது ஒரு முறையான சிகிச்சையே என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதைத் தோல்வியென்று எண்ணத் தேவையில்லை. மறு ஆண்டுச் சோதனையில் பிறபொருளெதிரி இயல்புக்கு வந்தது. அளவை 2.5 மில்லிகிராமாகக் குறைத்து, இரத்தம் பார்த்து, பிறகு நிறுத்தினார்கள்.

நிறுத்திய நாளிலிருந்து கண்காணிப்புத் தொடங்குகிறது. எட்டு வாரங்களுக்குள் முதல் இரத்தப் பரிசோதனை. பின் முதல் ஆண்டு முழுவதும் மூன்று மாதத்துக்கு ஒன்று. அதன்பின் ஆண்டுக்கு ஒன்று. திரும்புவோரில் பெரும்பாலானோருக்கு முதல் ஆண்டிலேயே திரும்புவதால்தான் இந்த நெருக்கம். தங்கை இதோடு இன்னொன்றும் செய்கிறாள். காலையில் எழும்பு முன், பாயில் கிடந்தபடியே, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் மணிக்கட்டு நாடியை எண்ணி, கலண்டரில் அந்தத் திகதிக் கட்டத்துக்குள் எழுதுகிறாள். 70, 72, 68 என்று அந்தக் கட்டங்கள் நிரம்புகின்றன. காய்ச்சல் இல்லாமலே ஒரு வாரம் தொடர்ந்து 90ஐத் தாண்டினால், அடுத்த பரிசோதனை நாளைக் காத்திராமல் போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

திரும்பினால் மூன்று வழிகள் உண்டு. குளிசையை மீண்டும் தொடங்கி நீண்டகாலம் எடுக்கலாம். கதிரியக்க அயடீனை விழுங்கச் செய்து சுரப்பியைச் செயலிழக்கச் செய்யலாம்; இதற்கு வன்னியிலிருந்து நீண்ட பயணம் போக வேண்டும், வந்தபின் சில காலம் சிறு பிள்ளைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும். ஒரே அறை வீட்டில் அது எப்படி இயலும் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். கண் பாதிப்பு உள்ளவருக்கு இந்த வழி அதை அதிகரிக்கக்கூடும். மூன்றாவது, சத்திரசிகிச்சையால் சுரப்பியை அகற்றுவது. பின்னிரண்டிலும் பெரும்பாலானோர் வாழ்நாள் முழுவதும் தைரொக்சின் எடுப்பவராக மாறுவார்கள்.

உணவைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள், சொல்ல அதிகமில்லை. இலங்கையில் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 முதல் கட்டாயம். சமையலில் அந்த உப்பைப் பயன்படுத்துவதால் கிறேவ்ஸ் நோயாளருக்குக் கெடுதி இல்லை. ஆனையிறவில் அள்ளிய அயடீன் சேராத உப்பைத் தேடிப்போகவும் வேண்டாம். அயடீன் செறிந்த சத்துக் குளிசைகளையும் கடற்பாசித் தூள்களையும் மட்டும் தவிருங்கள். மரவள்ளியும் கோவாவும் அவித்துச் சாதாரணமாக உண்ணும் அளவில் நோயைக் கூட்டவும் மாட்டா, குளிசைக்குப் பதிலாகவும் மாட்டா.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். காபிமசோல் கர்ப்பத்தின் முதல் வாரங்களில் சிசுவின் உறுப்புகளில் குறைபாட்டை உண்டாக்கக்கூடும். ஆகவே அதை எடுக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்காதபடி பார்த்துக்கொண்டு, பிள்ளைக்கு ஆயத்தமாகும்போது முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக்கு வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். நாள் தள்ளிப்போனால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காமல் அன்றே போக வேண்டும். குளிசையைத் தாமாக விட்டுவிட்டு வீட்டில் இருப்பதும் ஆபத்தே. நோய் குணமாகிக் குளிசையே இல்லாமல் இருப்பவரும், கருவுற்றதும் தாய்சேய் நலக் கிளினிக்கில் பழைய நோயைச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் ஓரளவு அடங்கும் நிர்ப்பீடனத் தொகுதி, பிள்ளை பிறந்த பின் சில மாதங்களில் மீண்டும் எழும்போது, பழைய நோயும் கூடவே திரும்பலாம். தங்கை நிறுத்தி இப்போது பத்து மாதங்கள். இரண்டாவது பிள்ளைக்கு நினைத்திருக்கிறாள். அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியதென்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறாள்.